மயில்துத்தமும் மண்வெட்டியும்

மேல்கோட்டை என்றதும் நண்பர்களுக்கு வைரமுடியும் புளியோதரையும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவு வருவது மலையடிவாரத்தில் என் சித்தப்பா வைத்திருக்கும் வெற்றிலைக் கொடிக்கால். சென்ற ஐப்பசி மழைக்குப் பின் அங்கே கொடிகள் ஒவ்வொன்றாய்த் தலைசாய்ந்தன. மேலே இலை பளபளப்பிழந்து மஞ்சளிக்கும். மண்ணைக் கிளறினால் அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்திருக்கும்.

கடைக்காரர் ஒருவர் கொடுத்த கார்பெண்டசிம் மருந்தைச் சித்தப்பா இருமுறை ஊற்றியிருந்தார், பயனில்லை. "காசுதான் அழுகிற்று. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கரும்பு போட்டுவிடட்டுமா? நீ விவசாயம் படிக்கிறாயே, சொல்லேன்" என்றார்.

மருந்து பலிக்காததற்குக் காரணம் உண்டு. இந்த அழுகலை உண்டாக்குவது பைட்டாப்தொரா. 'செடிகொல்லி' என்று பொருள்படும் இப்பெயரை 1876-இல் இட்டவர் ஜெர்மானியரான தெ பாரி. பார்வைக்குப் பூஞ்சணம் போலிருக்கும். குலத்தால் பழுப்புப் பாசிக்கு உறவு. பூஞ்சணத்தை ஒடுக்கும் கார்பெண்டசிம் இதனிடம் செல்லாது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும், செர்ரி மரத்தின் வேரையும் அடித்தண்டையும் அழுகவைப்பதும் இக்குலந்தான். இதன் வித்துகள் வாலடித்து நீரில் நீந்தும். கொடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். பாவம், நோய்க்கும் அவையே வேண்டும்!

மைசூருக்கு இது பழைய பகை. 1908-இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்த கனடா நாட்டவரான லெஸ்லி கோல்மன், மலைநாட்டுப் பாக்குக் குலைகளை அழுகச் செய்யும் கொளெரோகத்தை ஆராய்ந்து, போர்டோ கலவையைத் தெளிக்கச் சொன்னார். அதுவும் இக்குலத்து நோயே. நோய் வருமுன் தெளித்தால்தான் அந்தக் கலவை காக்கும், அழுகியதை உயிர்ப்பிக்காது. பின்னாளில் வந்த மெட்டலாக்சில் செடிக்குள்ளேயே ஊடுருவக் கூடியதுதான். ஆனால் வேரே அழுகிய பின் உறிஞ்சுவது எது? மேலும், வெற்றிலையில் நாம் மெல்லுவது இலையையே அல்லவா!

ஆகவே முதலில் வடிகால் வெட்டச் சொன்னேன்.

"என்னடா, மருந்து படித்தவன் மண்வெட்டியை நீட்டுகிறாய்!" என்று சிரித்தாலும் வெட்டினார். பட்ட கொடிகளை வேரோடு எடுத்துக் கொளுத்தினோம். நல்ல கொடிகளில் இலையைக் கிள்ளி முடித்த பிறகு, ஒரு விழுக்காட்டுக் கலவை தயாரித்தோம்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் நீர். தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தேய்த்த கத்தியை முக்கி எடுத்ததும் செம்பு படிந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் விட்டோம். கத்தி வெளுப்பாய் வந்தது. பிறகே வேரடியில் ஊற்றினோம்.

தையில் போய்ப் பார்த்தேன். மேட்டு வரிசைகள் துளிர்த்து நின்றன. பள்ளத்து இரண்டு வரிசைகள் முற்றும் போய்விட்டன. அங்கே கரும்பா வாழையா என்று சித்தப்பாவும் சித்தியும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.