ஜூரிக்கு என்ன சட்டம் சொன்னார்கள்?

நியூயார்க்கில் நான் தாக்கல் செய்த மனுக்களில், தோற்றும் மனதை விட்டு அகலாத ஒன்று உண்டு. கவுன்டி சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த ஓர் இளைஞர், காவலர்கள் தரையில் அமுக்கிப் பிடித்ததில் மூச்சு முட்டி இறந்துபோனார். மாவட்ட அரசு வழக்கறிஞர் விஷயத்தைக் கிராண்ட் ஜூரி முன் கொண்டுபோனார். சில வாரங்களில் அறிவிப்பு வந்தது: காவலர்கள் மீது குற்றச்சாட்டு இல்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இறந்தவரின் தாய் அந்தத் தாளை என் மேஜை மேல் வைத்து, "உள்ளே யாரையெல்லாம் விசாரித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்குக்கூடச் சொல்ல மாட்டார்களா?" என்றார். சொல்ல மாட்டார்கள் என்பதுதான் சட்டம்.

கிராண்ட் ஜூரி தீர்ப்புச் சொல்லும் ஜூரி அல்ல. வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. நியூயார்க்கில் 16 முதல் 23 பேர் உட்காருவார்கள். 12 பேர் ஒப்பினால் குற்றச்சாட்டு பதிவாகும். எதிர்வாதம் செய்ய அங்கே யாரும் இல்லை. சாட்சிகளை அழைப்பதும் அரசு வழக்கறிஞர், ஆவணங்களைக் காட்டுவதும் அவர், கடைசியில் "இந்தக் குற்றத்துக்குச் சட்டம் இதுதான்" என்று ஜூரிக்கு விளக்குவதும் பெரும்பாலும் அவரே. நடந்ததை வெளியே சொல்வதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 190.25-ஆம் பிரிவு தடுக்கிறது.

இந்த ரகசியத்தை நான் அலட்சியமாக நினைப்பவன் அல்ல. சாட்சி பயமில்லாமல் பேச வேண்டும். குற்றமற்றவர் பெயர் கெடக் கூடாது. சக காவலருக்கு எதிராக வாய் திறக்கும் ஒரு சிறைக் காவலருக்கு அந்த மூடிய கதவுதான் பாதுகாப்பு. ஆனால் விசாரிக்கப்படுபவர் அரசு ஊழியர் என்றால் கதை மாறுகிறது. அந்தக் காவலர்களின் சாட்சியத்தை நம்பித்தான் அதே அரசு வழக்கறிஞர் மற்ற வழக்குகளை ஜெயிக்கிறார். அவர் இந்த வழக்கை முழு மனதோடு ஜூரி முன் வைத்தாரா என்று பார்க்க வெளியில் ஒருவருக்கும் வழியில்லை.

ஆகவே நாங்கள் நடவடிக்கைப் பதிவைக் கேட்டோம். அது முடியாதென்றால், சாட்சிகளின் பெயர்களை அடித்துவிட்டு, ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கத்தை மட்டுமாவது கொடுங்கள் என்று மாற்றுக் கோரிக்கையும் வைத்தோம். நீதிபதி பதிவைத் தம் அறைக்கு வரவழைத்துப் படித்துவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்தார். கட்டாயமான, குறிப்பான தேவையை நாங்கள் காட்டவில்லை என்பது காரணம். எரிக் கார்னர் வழக்கின் உத்தரவை அவர் மேற்கோள் காட்டினார். ஸ்டேட்டன் தீவில் 2014 ஜூலையில் போலீஸ் பிடியில் இறந்தவர் கார்னர். அந்த வழக்கில் வெளிவந்தது 9 வாரம், 50 சாட்சிகள், 60 ஆவணங்கள் என்பது போன்ற சில விவரங்கள் மட்டும். பதிவைக் கேட்ட மனுக்களை 2015 மார்ச்சில் நீதிமன்றம் நிராகரித்தது; மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

உள்ளே என்ன தவறு நடந்தது என்று குறிப்பாகச் சொன்னால்தான் பதிவு கிடைக்கும். பதிவைப் பார்த்தால்தான் தவறு தெரியும். ஒரு தாயிடம் இதை நீதி என்று எப்படி விளக்குவது?

சட்ட விளக்கத்தை ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்டோம் என்பதற்கு மிசோரியின் ஃபெர்குசன் நகரில் நடந்தது ஒன்றே போதும். 2014-இல் மைக்கேல் பிரவுனைச் சுட்ட போலீஸ்காரர் மீது குற்றச்சாட்டு இல்லை என்று ஜூரி சொன்னபின், அங்கிருந்த அரசு வழக்கறிஞர் பதிவுகளை வெளியிட்டார். அப்போதுதான் தெரிந்தது: தப்பியோடுபவரைச் சுடலாம் என்ற பழைய மிசோரி சட்டப் பிரிவை ஜூரியிடம் கொடுத்திருக்கிறார்கள். 1985-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அடிபட்டுப்போன சட்டம் அது. விசாரணை முடியும் தறுவாயில்தான் திருத்தினார்கள். பதிவு வெளிவராமல் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. 2020-இல் கென்டக்கியில் போலீஸ் சுட்டு இறந்த பிரியோனா டெய்லரின் வழக்கில் ஜூரி உறுப்பினர் ஒருவரே கோர்ட்டுக்குப் போய், பேச அனுமதி வாங்கி, கொலைப் பிரிவுகள் தங்களுக்கு விளக்கப்படவே இல்லை என்றார்.

எங்கள் வழக்கில் கதவு வேறு பக்கம் கொஞ்சம் திறந்தது. இழப்பீடு கேட்டு ஃபெடரல் கோர்ட்டில் போட்ட வழக்கில், அன்றிரவு பணியிலிருந்த நர்ஸை வாக்குமூலத்துக்கு அழைத்தோம். தம் கைப்பட எழுதிய பணிக்குறிப்பை எடுத்து வாசித்தார். "முதுகின் மேல் முழங்கால். எடுக்கச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்." அந்தக் கடைசி வரியை வாசிக்கும்போது அவர் விரல் தாளிலேயே நின்றது. கிராண்ட் ஜூரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். நியூயார்க் சட்டம் சாட்சி தம் சாட்சியத்தைத் தாமே வெளியில் சொல்வதைத் தடுப்பதில்லை. அழைக்கப்படாதவருக்கோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. "யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை" என்றார்.

நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கை மறுபடி ஜூரி முன் வைக்க அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு. வாக்குமூலத்தின் நகலை அனுப்பி, எழுத்துமூலம் வேண்டினோம். அவர் வைக்கவில்லை. இழப்பீட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதன்பின் நியூயார்க்கில் சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட மரணங்களை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரிக்கிறது. குற்றச்சாட்டு இல்லை என்று ஜூரி சொன்னால் அது அறிக்கை வெளியிட வேண்டும். நல்லதே. ஆனால் அறிக்கை எழுதுவதும் வழக்கை நடத்திய அதே அலுவலகம்தான். அரசு ஊழியர் கையில் ஓர் உயிர் போய், வழக்கே வேண்டாம் என்று ஜூரி கலைந்தால், சாட்சிகளின் பெயரை மறைத்துவிட்டு, ஜூரிக்குச் சொன்ன சட்டத்தையும், எந்தக் குற்றப் பிரிவுகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன என்பதையும் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சட்டமன்றம் கட்டளையிட வேண்டும். மனுப் போட்டுக் கெஞ்ச வைக்காமல், தானாகவே கொடுக்க வேண்டும்.