செம்பும் களிம்பும்

எனக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நல்ல காது உண்டு என்று ரகசியமாக ஒரு கர்வம் இருந்துவந்தது. போன தை மாதம், பழவேற்காட்டில் ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில், அந்தக் கர்வம் கழன்று விழுந்தது. விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி இருக்கிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் ஏரி. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்தபடி பெரிய உப்பங்கழி அதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. நாவல் ஒன்றுக்காக அந்தக் கல்லறைகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் பெரியவர் எனக்குப் பழக்கமானார். எழுபதை நெருங்குகிறவர். முப்பது வருஷம் டீசல் எஞ்சின் பூட்டிய படகில் கடலுக்குப் போனவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறார். கை வேலை செய்யும்போது காதுக்குப் பாட்டு வேண்டும் அவருக்கு.

சென்னையில் வேலை பார்க்கும் பேரன், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்து வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் உள் அறை அலமாரியில், ஸ்பீக்கர்கள் திண்ணையில். நடுவே பதினைந்து மீட்டர் ஒயர். அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர்தான். கிடைத்த துண்டுகளையெல்லாம் முறுக்கி ஒட்டுப் போட்டு இழுத்திருந்தான்.

"இன்னா தம்பி, பாடறவரு தண்ணிக்கு அடியிலே குந்திக்கினு பாடறாப்போல இருக்குதே?" என்றார் பெரியவர்.

நான் தலையைச் சாய்த்துக் கேட்டேன். வாஸ்தவம்தான். மிருதங்கத்தின் தொப்பி நாதம் தொளதொளவென்று இருந்தது. குரலில் பளிச்சென்ற தன்மை இல்லை. "ஒயரில்தான் கோளாறு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நாடி பிடித்த வைத்தியனைப் போலச் சொல்லிவிட்டு வந்தேன்.

சென்னையில் ஒரு கடையில் வெல்வெட் பை ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே கேபிள். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பாம். அதற்கு மேல் வெள்ளி முலாமாம். போதாக்குறைக்கு, எந்தத் திசையில் பொருத்த வேண்டும் என்று ஓர் அம்புக்குறி வேறு. பாட்டைச் சுமக்கும் மின்சாரம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போய் வருகிற சரக்கு. அதற்கு அம்புக்குறி எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் நானூறு என்று சொன்னேன்.

மறுபடி பழவேற்காட்டுக்குப் போய்ப் பேரனிடம் பையைக் கொடுத்துவிட்டு, பெரியவரோடு ஏரிக்கரைப் பக்கம் உலாவி வந்தேன். திரும்பும்போது திண்ணையில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆஹா! தொப்பி நறுக்கென்று விழுந்தது. குரல் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. "பார்த்தீர்களா, வெள்ளியின் குணத்தை! குரலுக்கு ஒரு நிலா வெளிச்சமே வந்துவிட்டது" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

பேரன் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க கொண்டாந்தது மூணு மீட்டர்தான். திண்ணைக்கு எட்டலே. பையிலேயேதான் இருக்குது."

அவன் செய்திருந்தது இவ்வளவுதான். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிக் கிடந்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை ஓர் ஒட்டும் இல்லாமல் ஒரே நீளமாக இழுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவியிருந்தான். கழற்றிய பழைய ஒட்டுக்களைக் காட்டினான். உப்புக் காற்று பட்டுச் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு.

ஓம் என்ற ஜெர்மானியர் 1827-ல் எழுதி வைத்த கணக்குத்தான் இது. ஸ்பீக்கரின் தடை 8 ஓம். போக வர முப்பது மீட்டர் மெல்லிய ஒயரின் தடை ஏறக்குறைய இரண்டரை ஓம். அப்படியென்றால் சக்தியில் கால் பங்கு வழியிலேயே ஒயரைச் சூடாக்கிச் செலவாகிவிடும். அது மட்டுமானால் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம். ஸ்பீக்கரின் தடையோ எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அது இறங்குகிற இடத்தில் பாட்டு அமுங்கும். ஏறுகிற இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கூம்பின் ஆட்டத்தை அடக்குகிற ஆம்ப்ளிஃபயரின் பிடியும் தளர்ந்துபோகும். தடித்த ஒயரில் அதே தூரத்துக்குத் தடை 0.2 ஓம்தான். ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பார்கள். வெள்ளி, மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிட 6 சதவீதம் போலத்தான் உசத்தி. ஒயரைச் சற்றுத் தடிமனாக்கினால் செம்பே அதை ஜெயித்துவிடும்.

ஆக, நான் கேட்ட மாறுதல் நிஜம். நிலா வெளிச்சம்தான் பொய். 1983-ல் அமெரிக்காவில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை, எது எந்த ஒயர் என்று சொல்லாமல் சிலருக்குப் போட்டுக் காட்டிச் சோதனை செய்தது. மிக மெல்லிய ஒயரின் குறை பிடிபட்டது. சாதாரணத் தடித்த ஒயருக்கும் விலை உயர்ந்த கேபிளுக்கும் சங்கீதத்தில் வித்தியாசம் சொல்ல அவர்களால் முடியவில்லை. எனக்கு நல்ல துணை இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள் நம் சித்தாந்திகள். ஒயரிலிருந்த களிம்பைப் பேரன் தேய்த்துவிட்டான்.

இவ்வளவு நேரமும் பெரியவர் வலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"இப்போ நல்லாக் கேக்குதா தாத்தா?" என்று உரக்கக் கேட்டான் பேரன்.

"ஓசை நல்லாருக்குது. சொல்லுதான் விளங்கலே."

"நாங்க பேசறது?"

பதில் வரச் சற்று நேரமாயிற்று. "அதுவும் அப்பிடித்தான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது விஷயம். ஏரியில் யார் எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற பழைய ஏற்பாட்டின்படி ஊர் கூடித் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் போய் ஒரு வருஷமாகிறதாம். யாரோ ஒன்று கேட்க, இவர் வேறொன்றுக்குப் பதில் சொல்ல, இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு சரி. 'பெரியவருக்குத் தலைக்கனம்' என்று ஊர் பேசிற்று. அவரும் அதை மறுக்கவில்லை. செவிடு என்ற பெயரைவிடத் தலைக்கனம் கௌரவமாக இருந்திருக்க வேண்டும். நானோ, மாதக்கணக்கில் அவரோடு பேசிப் பழகியும், கோளாறு ஒயரில்தான் என்று தீர்மானமாக இருந்தேன்.

"சென்னையில் காது டாக்டரைப் பார்க்கலாம், நானும் வருகிறேன்" என்றேன்.

"வரேன். நீயும் ஒரு தடவை காட்டிக்கோ தம்பி. இல்லாத வெள்ளி உனக்குக் கேக்குதே!" என்றார்.

மாசியில் இரண்டு பேருமே போனோம். எஞ்சின் இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளைத்தானாம், போனது திரும்பாதாம். உயிரெழுத்துக்கள் தாழ்ந்த சுருதியில் பத்திரமாக வந்து சேரும். ச, த, க போன்ற மெய்களின் கூர்மை மழுங்கிப்போகும். உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவருடைய வியாதி. காதில் ஒரு மிஷின் பொருத்தி அனுப்பினார்கள். அதையும் உப்புக் காற்று விடாது என்று தினமும் துடைத்து டப்பாவில் வைக்கிறானாம் பேரன், ஊரிலிருக்கும்போதெல்லாம். மற்ற நாட்களில் அவரே வைத்துக்கொள்கிறார். பங்குனியில் பாடு பேச ஊர் கூடியபோது போய் உட்கார்ந்திருக்கிறார்.

என் காதையும் டாக்டர் பரிசோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.