பெங்களூர் கத்தரிக்காய் முளைக்கும்போது

சௌசௌவுக்குத் தமிழ்நாட்டில் பெங்களூர் கத்தரிக்காய் என்று பெயர். பெங்களூரிலோ அதைக் கன்னடத்தில் ‘சீமெபதனெ’ என்கிறார்கள், சீமைக் கத்தரி. ஆளுக்கொரு திசையில் கைகாட்டினாலும் காயின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். கத்தரிக்கும் அதற்கும் உறவே கிடையாது. சுரை, பூசணி, வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் காய்களெல்லாம் வயிறு நிறைய விதை வைத்திருக்க, சௌசௌவுக்கு ஒரே ஒரு விதை. அதையும் எடுத்து உலர்த்திப் பொட்டலம் கட்டிவைக்க முடியாது, காய்க்குள்ளேயே முளைத்துவிடும்.

காய்கறிக் கூடையில் சில வாரம் மறந்துபோன சௌசௌவைப் பார்த்தால் இது விளங்கும். அகன்ற முனையில் பொக்கைவாய் போல மடிந்திருக்கும் பிளவு மெல்லத் திறக்கும். விதை நாக்கு நீட்டியதுபோல் வெளியே வரும். பிறகு வேர், தளிர், தளிரில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. அது பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். இதைக் கூட்டுக்கு அரிவதைவிட நட்டுவிடுவதே மேல். காயை முழுசாக, முளைத்த முனை சற்றுத் தாழும்படி சரித்துப் படுக்கவைத்து, காம்புப் பக்கம் வெளியே தெரிய மண் அணைக்க வேண்டும். பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி, அடியில் ஓட்டை போட்டால், போதும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வருவதால் தனிக்கொடியே காய்க்கும். அதற்கு மொட்டைமாடியும் பந்தலும் வேண்டும். சன்னல் கிரில்லில் ஏற்றினால் பச்சைத் திரையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மொட்டைமாடி உள்ளவர்களுக்குப் பெங்களூரில் வழிகாட்ட ஆட்கள் உண்டு. பூச்சியியல் பேராசிரியர் பி.என். விஸ்வநாத் மாடித்தோட்டத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். 2011 முதல் ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ (உங்கள் தோட்டத்திலிருந்து உணவு) என்ற பெயரில் சந்தையும் கூடுகிறது. ஆனால் அடுக்ககவாசிகளுக்கு மாடி இல்லை. அவர்களுக்கு வாய்த்தது யுட்டிலிட்டி என்று சொல்லப்படும் பின்பக்கத் துண்டு பால்கனியும் சமையலறைச் சன்னல் விளிம்பும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கும் ஊர் என்பதால், ஏப்ரல் வெயிலைத் தவிர்த்தால், அந்த இடமே பல செடிகளுக்குத் தோதானது.

அங்கே வைக்கும் காய்களில் எது மறுபடி செடியாகும், எது ஆகாது என்பது நாம் தின்பது செடியின் எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது. இஞ்சி, மஞ்சள், உருளை, சேம்பு எல்லாம் மண்ணுக்கடியில் பருத்த தண்டு. தண்டு என்றால் கணு இருக்கும், கணுவில் மொட்டு இருக்கும், மொட்டிலிருந்து புதுச்செடி வரும். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் வேர்வகை; மொட்டெல்லாம் தலைப்பகுதியில்தான். கேரட்டின் தலையை ஓர் அங்குலம் விட்டு வெட்டித் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு வைத்தால் ஒரு வாரத்துக்குள் இறகு போன்ற இலை எழும். சில வாரம் அழகாக இருந்துவிட்டு, சேமிப்பு தீர்ந்ததும் சாயும். இன்னொரு கேரட் ஒருநாளும் வராது. வரும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

சர்க்கரைவள்ளி இந்தக் கணக்கை மீறும். அதுவும் பருத்த வேர்தான். ஆனால் உடம்பெங்கும் புதிதாக மொட்டு விடத் தெரிந்த வேர். சங்கராந்தி சமயம் பெங்களூர்ச் சந்தைகளில் கரும்புக்கும் அவரைக்காய்க்கும் பக்கத்தில் குவியும்போது, கொடியோடு ஒட்டியிருந்த முனை கெடாத கிழங்காகப் பார்த்து ஒன்றை ஒதுக்கிவைக்கலாம். அந்த முனை மேலே இருக்க, கீழ்ப்பாதி தண்ணீரில் மூழ்கும்படி வாயகன்ற பாட்டிலில் நிறுத்தினால் போதும். சில வாரத்தில் இதய வடிவ இலைகளோடு கொடி இறங்கும். எல்லா வீட்டிலும் இருக்கும் மணிபிளான்ட்டைவிட இது நல்ல செடி என்பதற்கு ஒரே காரணம் போதும்: கொழுந்தைக் கிள்ளிக் கீரையாக வதக்கலாம்.

சேப்பங்கிழங்கு முளைத்தால் வருவது நர்சரியில் ‘எலிஃபன்ட் இயர்’ என்று விலைக்கு விற்கிறார்களே, அதே இனம். ஈரம் எவ்வளவு இருந்தாலும் தாங்கும். அதிகாலையில் இலை நுனியில் ஒரு சொட்டு தொங்கும். பனி என்று நினைப்பார்கள், இரவெல்லாம் வேர் இழுத்த நீரை இலை வெளியே தள்ளுவது அது. பச்சை இலையில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் வாயில் வைத்தால் நமைச்சல் எடுக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் உயரத்தில் வைக்க வேண்டும். இஞ்சியை ஏப்ரல், மே மாதங்களில் நடலாம். மார்கழி வாக்கில் இலை பழுத்துச் சாய்வது அதன் இயல்பு.

கீரைக்கட்டில் புதினாவும் பசலையும் சுலபம்: ஒரு கணு தண்ணீருக்குள் இருந்தால் வேர் விடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் காம்பை அப்படி வைத்துக் காத்திருப்பது வீண்.

தண்ணீரில் வளர்ப்பதற்குப் பெங்களூரில் சட்டமும் குறுக்கே வரும். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். அரிசி, காய் கழுவிய நீர் எந்தக் காலத்திலும் உதவும். அதே ஆண்டு செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்த கர்நாடக அரசு, தேங்கிய நீரில் கொசு வளரவிடும் நகர வீடுகளுக்கு 400 ரூபாய் தண்டம் வைத்தது. கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் இருமுறை பாட்டில் நீரை மாற்றி, பழையதைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் தொல்லை இல்லை.

கடைசியாக, பெங்களூர் ஜூஸ் கடைகளில் ‘பட்டர் ஃப்ரூட்’ என்று கேட்டு வாங்கும் அவகாடோ. அகன்ற பக்கம் கீழிருக்க, கொட்டையைப் பல்குச்சிகளில் தொங்கவிட்டு அடி மட்டும் நனைத்தால், வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் பிளக்கும். தொட்டிக்கு மாற்றினால் ஒற்றைத் தண்டாக உயரும், இலை பெரிதாக, பளபளப்பாக இருக்கும். ஆனால் கொட்டையிலிருந்து வந்த மரம் காய்க்கப் பல வருடம் ஆகும். வீட்டுக்குள் காய்ப்பது அபூர்வம். பழத்துக்கு ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் கடைதான்.