ஊசி ஆடுகிறதா, எண்ணிப் பாருங்கள்

பிள்ளைகளே, போன வாரம் நம் மாணவர் ஒருவர் தி.நகரிலிருந்து போன் செய்தார். ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பராமரிப்புப் பொறுப்பு. "சார், ஏசி பிளான்ட் தண்ணி பம்ப் மோட்டார், ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. ஒர்க்‌ஷாப்புல நல்லா ஓடுது. இங்க மாட்டினா சூடாகுது, உறுமுது. மறுபடியும் கட்டணுங்கறாங்க. முதலாளி என்னைத்தான் முறைக்கிறார்."

ரோட்டாரை யாரும் சந்தேகப்படுவதில்லை. 1889-ல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி செய்த அணில் கூண்டு ரோட்டாரில் பிரஷ் கிடையாது, இன்சுலேஷன் கிடையாது; கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைப்பு. ஆனால் கம்பிகள் வளையத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஐந்தாறு மடங்கு கரண்ட் பாய்கிறதே! ஒரு கம்பி விட்டால் பக்கத்துக் கம்பி அதன் பங்கையும் சுமக்கும். பிறகு அதுவும் விடும்.

ஒர்க்‌ஷாப்பில் சுமையில்லாமல் ஓட்டுகிறார்கள். அப்போது ஸ்லிப் கிட்டத்தட்ட பூஜ்யம், ரோட்டாரில் கரண்டே பெரிதாக இருக்காது. நோய் எப்படித் தெரியும்?

பேனலில் பழைய ஊசி அம்மீட்டர் இருந்தது, நல்லவேளை. டிஜிட்டல் என்றால் சராசரி காட்டி மறைத்திருக்கும். டேக்கோமீட்டரில் 1470. நாலு போல் மோட்டார், 1500-க்கு 30 குறைவு, ஸ்லிப் 2 சதவீதம். 50 ஹெர்ட்ஸில் 2 சதவீதம் 1. கம்பி விட்டிருந்தால் கரண்ட் அதைப்போல் இரு மடங்கு, வினாடிக்கு 2 முறை, ஏறி இறங்கும். போனில் வீடியோ எடுத்து எண்ணச் சொன்னேன். 10 வினாடிக்கு 20.

பம்ப்பும் ஊசியை ஆட்டலாம். அதனால் டெலிவரி வால்வை மூடிக்கொண்டே வரச் சொன்னேன். வேகம் 1485-க்கு ஏறியது, ஆட்டம் 10 வினாடிக்கு 10 ஆனது. ஸ்லிப் பாதியானால் ஆட்டமும் பாதி. ரோட்டாரேதான்.

ஒர்க்‌ஷாப்காரர் நம்பவில்லை. இரண்டு டெர்மினலில் மட்டும் குறைந்த வோல்டேஜ் கொடுத்து, ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னோம். நல்ல ரோட்டாரில் கரண்ட் மாறாது. இதில் குறிப்பிட்ட இடங்களில் ஊசி துள்ளியது. ரோட்டாரை மாற்றினார்கள், காயிலைத் தொடவில்லை.

அடையாறு உறவுகள் தங்கள் அபார்ட்மென்ட் போர் மோட்டாருக்கு இது ஆகுமா என்பீர்கள். மூன்று ஃபேஸ் என்றால் ஆகும். ஆனால் அது 2850-ல் ஓடினால் வினாடிக்கு 5 ஆட்டம், ஊசி வெறுமனே நடுங்கும், எண்ண முடியாது. பேனல் ஒயரில் கிளாம்ப் மாட்டி அலைவெண் பிரித்துப் பார்த்தால் 50-க்கு இரு பக்கமும் 45-லும் 55-லும் குட்டி முனைகள் நிற்கும். பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கவே வேண்டாம்.