பத்தாம் வசனத்தையும் படிங்க தம்பி!

பைபிள் படிக்க எனக்கு முறை சொல்லித் தந்தவர் பாதிரியார் அல்ல. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் துடுப்புப் போடும் ஒரு அண்ணன். கையில் நாற்பது பக்க நோட்டு, அதில் மூன்றே கேள்விகள். யார் யாருக்கு எப்போ எழுதினது? முன்னே பின்னே என்ன இருக்கு? இன்னிக்கு நான் என்ன செய்யணும்?

"தரங்கம்பாடியில சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சுப் போட்டு முடிச்சது 1715-ல. நாம இன்னும் காலண்டர் வசனத்தோட நிக்கிறோமே தம்பி!"

எனக்குக் கடலூரில் தற்காலிக வேலை. 'எப்போ பர்மனென்ட்?' என்று வீட்டில் தினசரி விசாரணை. எனக்குத் தெம்பு தருவது எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் உண்டு என்று கடவுள் சொல்லும் வசனம்.

"அதுக்கு முந்தின வசனம்?" என்றார்.

புரட்டினேன். எழுபது வருஷம் ஆகுமாம்! அதற்குள் ரிட்டயர்மென்ட்டே தாண்டிவிடும்.

"இன்னும் மேலே போங்க."

கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊர் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது.

மூன்றாவது கேள்விக்கு நோட்டில் எழுதினேன்: 'சிதம்பரம் பஸ்ஸில் ஆயுசைக் கழிக்காமல் கடலூரிலேயே ரூம் பார்க்கணும்.'

பார்த்தாச்சு. ஆர்டர் இன்னும் வரவில்லை. வாசலில் நட்ட முருங்கை துளிர்த்துவிட்டது. இப்போது, வாடகையை ஏற்றாதே என்று ஹவுஸ் ஓனருக்குச் சொல்லும் வசனத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்னே பின்னே பார்த்துத்தான்!