ஜல்லி

28 அக்டோபர் 2010, வியாழன்
பெர்லினில் ஓட்டெடுப்பு முடிந்தது. அணு உலைகளுக்குச் சராசரியாக 12 வருஷம் ஆயுள் நீட்டிப்பு. ஹெல்கா வானொலியை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.
மூடுவோம் என்று 2002-ல் சட்டம் போட்டார்கள். அன்றைக்கு நல்ல ஒயின் ஒன்று வாங்கி வந்தேன், விலை அதிகம். இப்போது அந்த ஒயினை நினைத்துத்தான் எரிச்சல்.
இடது முழங்கால். மழை வரும் போல.

31 அக்டோபர், ஞாயிறு
கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம். ஐந்து மணிக்கே இருட்டு.
ஊர் முழுக்க மஞ்சள் எக்ஸ், அணுக்கழிவு வண்டிக்கு எதிராக. வைக்கோல் கொட்டகையில், வேலிகளில், எதிர்வீட்டு நாய்க்கூண்டில்கூட. நம் வேலியில் உள்ளது 97-ல் ஹெல்கா அடித்தது. நான் அப்போது ரயில்பாதை வேலையில். கேங்கில் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். பெயின்ட் உரிந்துவிட்டது, புதுசாக அடி என்றாள். அடித்தேன். நகக்கண்ணில் மஞ்சள், போகவில்லை.

2 நவம்பர், செவ்வாய்
ஹெலிகாப்டர். விடிந்ததிலிருந்து ரயில்பாதையை ஒட்டியே போவதும் வருவதும். பூனை அலமாரிக்கு அடியில்.
பாதையின் இரண்டு பக்கமும் 50 மீட்டருக்குள் கூட்டம் கூடக் கூடாதாம். நம் கோழிக்கூண்டு அதற்குள்தான் இருக்கிறது. கோழிகள் கூடினால் கூட்டமா, இல்லையா? ஹெல்கா சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் தடவை.
பேத்தி லேனா பேசினாள். வெள்ளி இரவு வருகிறாள், சிநேகிதர்களோடு. ரொம்ப சந்தோஷம். எதற்கு வருகிறாள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

4 நவம்பர், வியாழன்
ரொட்டிக் கடையில் தபால்காரர் பிடித்துக்கொண்டார். நீங்கள் ரயில்வே ஆள், சொல்லுங்கள், கழிவு வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்?
சொன்னேன். கழிவுப் பெட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 800 டிகிரி தீயில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். அதுதான் விதி. கடையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலையாட்டினார்கள். யாரும் நம்பவில்லை. கடைக்காரி கேட்டாள்: அரை மணியில் தீ அணையாவிட்டால்? பதில் இல்லை என்னிடம். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
பெட்டி உடையும் என்று நான் பயப்படவில்லை. நிஜமாகவே இல்லை. அந்த இரும்பைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

இரவு.
தூக்கம் இல்லை. பயம் வேறு. 95, 96, 97. மூன்று வண்டிக்கும் முன்னால் விளக்கோடு பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான். டானன்பெர்கில் வண்டி நின்றதும் வேகன் பக்கவாட்டைக் கையால் தட்டினேன், குதிரையைத் தட்டுவது மாதிரி. வந்து சேர்ந்துவிட்டாயே என்று. கையுறை போட்டிருந்தேனா? ஞாபகம் இல்லை. 98-ல் வெளியே வந்தது: பெட்டிகளின் மேலேயும் வேகன்களிலும் கதிரியக்க அழுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் என்ற வரம்புக்குப் பல மடங்கு மேலே. மின்சாரக் கம்பெனிகளுக்கு வருஷக்கணக்கில் தெரியுமாம். சொல்லவில்லை. மெர்க்கல் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர், அவர்தான் வண்டிகளை நிறுத்தினார். அதே மெர்க்கல்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்றும் டாக்டர் சொன்னார். அந்தக் கையை இருட்டில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். முட்டாள்தனம்.

5 நவம்பர், வெள்ளி
வண்டி கிளம்பிவிட்டது. மதியம், பிரான்ஸில் வலோன்யே ஸ்டேஷனிலிருந்து. 11 பெட்டி. ஒன்றுக்கு 28 கண்ணாடி உருளை. ஒவ்வொரு பெட்டியும் நூறு டன்னுக்கு மேல். ஆக்சில் பாரத்தை மனசு தானாகவே கணக்குப் போடுகிறது. ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை.
கான் நகரத்தில் சிலர் தண்டவாளத்தோடு தங்களைப் பூட்டிக்கொண்டார்களாம். 2004 ஞாபகம். இதே நவம்பர், லொரேன் பக்கம், இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் ஒருவன் மீது வண்டி ஏறியது. லேனாவுக்கு 21.
இரவு பத்துக்கு வந்தாள். வாசலில் சேறு அப்பிய பூட்ஸ் வரிசை. சமையலறையே வெங்காய வாசனை. நிறைய சாப்பிட்டார்கள், பார்க்க நன்றாக இருந்தது. ஒரு பையன் தட்டைத் தானே கழுவினான்.
அப்புறம் சொன்னாள். ஞாயிறு காலை கோர்டே காட்டுக்குள் போய் ஜல்லியை வாரப் போகிறார்கள். “ஸ்லீப்பருக்கு அடியில கல்லு இல்லேன்னா வண்டி போகாது தாத்தா.”
“எனக்கா சொல்றே?”
எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

6 நவம்பர், சனி
டானன்பெர்க் வயல்வெளி. இவ்வளவு ஜனம் இங்கே நான் பார்த்ததில்லை. நடத்துகிறவர்கள் 50,000 என்கிறார்கள், போலீஸ் அதில் பாதி. பாதியே இருக்கட்டும். டிராக்டர்கள், நூற்றுக்கணக்கில். பாட்டிகள், தூக்கிவந்த குழந்தைகள், மேளம். சேறு கணுக்காலுக்கு மேலே.
79 ஞாபகம் வந்தது. டிராக்டர்களோடு ஹனோவர் போனது. வழியில்தான் அமெரிக்காவில் ஹாரிஸ்பர்க் உலைச் செய்தி வந்தது. லேனாவின் அம்மா என் தோளில் தூங்கிப்போனாள். அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். ஹெல்காவிடம் சொன்னேன். “நீதான் நினைச்சே” என்றாள்.
சந்தோஷமாகத் திரும்பினோம். ஏன் என்று தெரியவில்லை. வண்டி ஒன்றும் நிற்கவில்லை. எல்லையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர்த்து கேல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

7 நவம்பர், ஞாயிறு
காலை 4. போய்விட்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நான் விழித்துத்தான் இருந்தேன். போகாதே என்று சொல்ல எழுந்து உட்கார்ந்தேன். சொல்லவில்லை.

9 மணி. கோர்டே பக்கம் ஹெலிகாப்டர்.

ஜல்லிதான் பாதை. ஜனங்கள் தண்டவாளத்தைப் பாதை என்கிறார்கள். அது மேலே சும்மா கிடக்கிற இரும்பு. பாரத்தை வாங்குவது கல், தண்ணீரை வடிப்பது கல், வெயிலில் தண்டவாளம் நெளியாமல் பிடித்து வைப்பதும் கல். கூர்மை இருக்க வேண்டும் கல்லுக்கு. ஒன்றோடு ஒன்று கவ்வ வேண்டும். அந்தக் காட்டில் எந்த வளைவில் தண்ணீர் தேங்கும் என்று எனக்குத் தெரியும். பனியில், மழையில், எத்தனை ராத்திரி. இன்றைக்கு என் பேத்தி அதை வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருக்கிறாள்.
அவள் செய்வது சரி. எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

1 மணி. வந்தாள். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. மிளகுத் தூள் தெளிப்பான். முழங்கையில் தடியடி. தொட்டியில் தலையைச் சாய்க்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றினேன். சின்னப் பிள்ளை மாதிரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு நீளம் எடுத்தீங்க?” அதைத்தான் கேட்டேன். வேறு என்னென்னவோ கேட்டிருக்கலாம். சில மீட்டர்தானாம், அதற்குள் அடி. அடப்பாவிகளா என்று கத்தினேன். ஆனால் சில மீட்டர்தானே என்று ஒரு நிம்மதி. இரண்டும் எனக்குள்தான்.
இரண்டு மணி நேரம் தூங்கினாள். பிறகு ஹார்லிங்கன் கிளம்பிவிட்டாள். அங்கே சும்மா உட்காருவதுதான், யாரையும் அடிக்க மாட்டார்கள் தாத்தா.

மாலை. நானும் போனேன். ஹெல்கா முழங்காலைக் காட்டித் திட்டினாள். காட்டுக்குள் பள்ளத்தில் தண்டவாளம், அது நெடுக ஜனம். ஆயிரக்கணக்கில். வைக்கோல் திணித்த சாக்குகள்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். மரக்கிளைகளில் விளக்கு. ஸ்லீப்பர்மேல் ஒரு பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஐஸ்.
லேனா என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினாள். “எங்க தாத்தா இந்தப் பாதையைப் போட்டவர்.” போட்டவன் இல்லை, பார்த்துக்கொண்டவன். கைதட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இரவு 11. வண்டி டாலன்பூர்க்கில் நிற்கிறது. சுற்றிலும் முள்கம்பி. நம் படுக்கையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று ஹெல்கா கேட்டாள். சொன்னேன். அப்புறம் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி மோசம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வேகனிலிருந்து 2 மீட்டரில் மணிக்கு 0.1 மில்லிசீவெர்ட், அதுதான் உச்ச வரம்பு. காவலுக்கு நிற்கிற பையன்களிடம் அதை யாராவது சொன்னார்களா?
சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். லேனா உட்கார்ந்திருப்பது போகக் கூடாது என்பதற்காக.

8 நவம்பர், திங்கள்
ராத்திரி முழுக்க ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். லேனாவையும். வயலில் வண்டிகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் அடைத்து, திறந்தவெளியில், குளிரில். குறுஞ்செய்தி: சூப் வந்தது, நன்றாக இருக்கிறேன். சூப் வந்தது என்றால் இவ்வளவு நேரம் வரவில்லை.
காலையில் ஒரு போலீஸ் பையன் வாசலில். பவேரியாப் பேச்சு. நேற்றிலிருந்து மாற்று ஆள் வரவில்லை, சாலையெல்லாம் டிராக்டர். கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்டான். ஹெல்கா முடியாது என்றாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் போனான். நான் கூப்பிட்டிருக்கலாம். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. ஒன்பது மணிவாக்கில். முதலில் வெறும் என்ஜின் ஒன்று, பாதை பார்க்க. பிறகு சத்தம். சத்தம் என்று சொல்ல முடியாது, அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்தன. மெதுவாக, மனுஷன் ஓடுகிற வேகம். இரண்டு பக்கமும் போலீஸ். வெள்ளை மூடிகள், எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொரு வேகனுக்கும் ஸ்லீப்பர் எவ்வளவு அமுங்கி எழுகிறது என்று பார்த்தேன். சீராக எழுந்தது. தாங்கியது.
பெருமையாக இருந்தது. எழுதத்தான் வேண்டும், யார் படிக்கப் போகிறார்கள். என் பாதை தாங்கியது என்று பெருமையாக இருந்தது. ஹெல்கா வேலியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள், தொண்டை கட்டிப்போய். அவள் பக்கத்தில் போய் நின்றேன். கை கொடுத்தாள்.

9 நவம்பர், செவ்வாய்
பத்து மணிக்குச் சற்று முன்பு கோர்லேபன் கழிவுக் கொட்டகைக்குள் போய்விட்டது. 92 மணி நேரம். இதற்கு முன் எதற்கும் இவ்வளவு ஆனதில்லை என்று வானொலி குதிக்கிறது. கொட்டகையில் இப்போது 102 பெட்டி. நேற்று பெட்டிகள் போக வேண்டிய சாலையில் ஆட்டு மந்தையை ஓட்டிவந்து மறித்தார்களாம், செம்மறியும் வெள்ளாடும். பீர் லாரி மாதிரி வேஷம் போட்ட ஒரு லாரி நடுச்சாலையில் மறித்து நின்றதாம், உள்ளே ஆட்கள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன், இருமல் வரும்வரை.
வந்து சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். 95-லிருந்து ஒன்றுகூட வராமல் போனதில்லை. 2001-ல் ஸ்யூஷன்டார்ஃபில் கான்கிரீட்டில் கையை விட்டுப் படுத்திருந்தார்கள், வண்டியே டாலன்பூர்க்குக்குத் திரும்பிப் போனது. அதுவும் வந்தது. லேனாவிடம் சொன்னேன்: குப்பை நம்முடையது, பிரான்ஸிடம் திரும்ப வாங்குவதாக ஒப்பந்தம், எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும். “எங்கேன்னு 77-ல ஒருத்தர் வரைபடத்தில விரலை வச்சார் தாத்தா. அதுதான் பிரச்சனை. நீங்க யார் பக்கம்?”
தெரியாது என்றேன். கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பகலெல்லாம் தூங்கினாள். நானும்.

10 நவம்பர், புதன்
லேனா கிளம்பினாள். கட்டிப்பிடித்தாள், கோபம் போயிருந்தது. பை கனத்தது, தூக்கிக் கொடுத்தபோது பக்கவாட்டுப் பையில் ஜல்லிக் கல் ஒன்று. நினைவுக்காம். சுள்ளென்று ஏறியது. பேசாமல் ஜிப்பை மூடினேன்.
ஹெலிகாப்டர் இல்லை. காது பழகவில்லை. அறுபது பேர் சாப்பிடுகிற அண்டாவை ஹெல்கா தேய்த்துக்கொண்டே அடுத்த வருஷம் பட்டாணி சூப் வேண்டாம், பயறு போடலாம் என்றாள். அடுத்த வருஷம்.

12 நவம்பர், வெள்ளி
சின்ன வண்டி லூனபூர்க்கிலிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர். யாரோ ஜன்னல் வழியே கை காட்டினார்கள், தெரியாத முகம். நானும் காட்டினேன்.
பழைய கேங்க் ஆள் ஒருவனோடு அவன் காரில் கோர்டே வளைவு வரை போய்ப் பார்த்தோம். தோண்டிய இடத்தில் புதுக் கல் கொட்டியிருக்கிறார்கள். வெளுப்பாகத் தனியாகத் தெரிகிறது. அவசர வேலை. ஸ்லீப்பர் முனைவரை கல் ஏறவில்லை, அடியில் இடித்து இறுக்கவும் இல்லை. பூட்ஸ் முனையால் தட்டினால் உருளுகிறது. இப்படியா வேலை செய்வது? ஜனங்கள் போகிற பாதை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போன் பண்ண வேண்டும். எடுக்க மாட்டார்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும்.