வெப்பமும் தொடுகையும்

வெப்பத்தைப் பிறப்பித்தல் எளிது. அதனை உரிய இடத்திற் கொண்டுசென்று கழித்தலே அரிது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை புதியதன்று. நுரைச்சோலையில் 2011 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று அலகுகளும் நிறைவுற்ற லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. அங்கு எரியும் நிலக்கரியின் வெப்பத்திற் பாதிக்கும் குறைவான பங்கே மின்னாகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியைக் கடல்நீரே ஏற்றுச் செல்கின்றது. கடல் அருகில் இருந்தால் மட்டும் போதாது. நீராவி சூழ்ந்த குழாய்களினூடே அக்கடல்நீர் ஓயாது ஓடவேண்டும்.

அந்நிலையத்திற்கு வடக்கே, கற்பிட்டியில், மாணவன் ஒருவன் இதே பாடத்தைத் தன் மேசைமீது கற்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டிற் பயின்ற அவன், களப்பு மீனவரின் தொழிற்சொற்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தான். அச்சொற்களை அவனுக்கு வழங்கியவர்களுள் முதல்வர் அவனுடைய வாப்பாவே. ஏட்டைச் சமர்ப்பிக்க ஆறு நாட்களே எஞ்சியிருந்த வேளையில், உப்புக்காற்றில் நெடுநாள் உழைத்த பழைய கணினியின் விசிறி சுழலாது நின்றுவிட்டது. வாப்பா கொடுத்த பணத்துடன் புத்தளம் நகருக்குச் சென்றவன், முன்னையதினும் பெரியதொரு ஹீற்சிங்க்கை, அதாவது நுண்செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் தகட்டுத் தொகுதியை, புதிய விசிறியோடு வாங்கிவந்து பொருத்தினான்.

பெரிய தகடு பொருத்தப்பட்ட பின்னர்க் கணினி முன்னையினும் விரைவாக அணைந்தது. எழுதிய பந்தியைச் சேமிக்குமுன்னரே திரை இருண்டது. பயோஸ் திரையிற் பார்த்தபோது நுண்செயலியின் வெப்பநிலை சில நிமிடங்களுள் 95 பாகை செல்சியஸைத் தாண்டிற்று. அவன் முதலில் ஊரின் வெக்கையைக் குறைகூறினான். விடியற்காலைக் குளிரிலும் அதுவே நிகழ்ந்தது. தூசியைத் துடைத்தான்; பயனில்லை. விசிறியின் இணைப்பைச் சோதித்தான். அது குறைவின்றிச் சுழன்றது. இன்னும் பெரிய தகடு வேண்டுமோ என எண்ணத் தலைப்பட்டான்.

இரவிற் கரையிலிருந்து திரும்பிய வாப்பா, திறந்து கிடந்த பெட்டியைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர் ஒரேயொரு வினாவைக் கேட்டார்:

“அந்தத் தகடு சுடுதா, மகன்?”

மின்சாரத்தைத் துண்டித்துத் தகட்டைத் தொட்டான். அது குளிர்ந்திருந்தது. அக்குளிர்ச்சி அவனுக்கு முதலில் ஆறுதலாகவே தோன்றிற்று. வாப்பாவோ தலையசைத்தார். படகின் எஞ்சின் கடல்நீரை உள்ளிழுத்துச் சூட்டை ஏற்றி வெளியே பீச்சும். எஞ்சினை இயக்கியதும் குனிந்து அந்நீரிற் கைவைத்துப் பார்ப்பது அவரது நெடுநாள் வழக்கம். நீர் வரவேண்டும், அது இளஞ்சூடாகவும் வரவேண்டும். வாங்கவேண்டிய சூட்டை வாங்காத பொருளே குளிர்ந்திருக்கும் என்பது அவர் கடலிற் கற்றது.

இக்கூற்றின் பௌதிக நியாயம் எளியது. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகள் உண்மையிற் சிற்சில மேடுகளிலேயே ஒன்றையொன்று தொடுகின்றன. இடைவெளிகளிற் காற்று நிறைகின்றது. அலுமினியம் காற்றைப்போல் ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே தகடு எத்துணைப் பெரிதாயினும், மயிரிழை அளவான காற்றுப்படலம் வழியை மறித்துவிடும். அவ்விடைவெளியை நிரப்புதற்கே தேர்மல் பேஸ்ற் எனும் பசை மெல்லிதாகப் பூசப்படுகின்றது.

தகட்டைக் கழற்றியபோது காரணம் வெளிப்பட்டது. பசை ஒரு விளிம்பில் மட்டுமே பிறைபோல் ஒட்டியிருந்தது. நான்கு முளைகளுள் ஒன்று பலகையின் பின்புறம்வரை இறங்கவேயில்லை. தகடு ஒருபுறம் சாய்ந்து நின்றது. பழைய பசையை ஸ்பிரிற்றால் துடைத்து, நடுவிற் பட்டாணியளவு புதுப் பசையை இட்டு, முளைகளை மூலைக்கு மூலை எதிராக அழுத்தி, நான்கும் பலகையின் பின்புறத்திற் பற்றியுள்ளனவா எனக் கண்டு பொருத்தினான். வெப்பநிலை 45 பாகையளவில் நிலைத்தது. சிறிது நேரத்தின்பின் மின்சாரத்தைத் துண்டித்துத் தகட்டைத் தொட்டான், அது இளஞ்சூடாயிருந்தது.

அன்றிரவு ஆய்வேட்டைத் திறந்தவன் நெடுநேரம் எழுதவில்லை. வலை, காற்று, நீரோட்டம் என வகுத்த அதிகாரங்கள் அதில் இருந்தன. எஞ்சினைப் பற்றிய சொற்கள் மட்டும் இருக்கவில்லை. அவை பிறமொழிக் கலப்புடையன, மரபுக்கு உரியன அல்ல என்று அவனே முன்னர் விலக்கியிருந்தான். வாப்பா தம் தொழில்நாளில் அதிகம் வழங்கிய சொற்கள் அவையே. மீனவரைப் பற்றி எழுதப்பட்ட ஏடு மீனவரின் கையைத் தொடாமலே தடித்திருந்தது.

மறுநாள் வைகறையில் அவன் குறிப்பேட்டுடன் வாப்பாவின் பின்னே கரைக்குச் சென்றான். எஞ்சின் இயங்கிற்று. வாப்பா குனிந்து நீரிற் கைவைத்தார். பின்னர் விலகி நின்று மகனுக்கும் இடம் விட்டார்.